பிறந்த தேதிக்கு விட்டிருந்த இடம்

போன வருடம் நவம்பர் இரண்டாம் தேதிக்கு என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலையில் தூறல். பிற்பகல் வெளுத்தது. கல்லறைத் திருநாள். அவருக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தாயிற்று. பேசியும் ஆயிற்று." கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்தபடியே எழுதியது இது. கடைசி இரண்டு வாக்கியங்களின் மேல் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வீட்டுக்கு வந்தபிறகு போட்டது. ஏன் போட்டேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்காலில் தலத்தெருவில் இருக்கிறேன். எது எப்போது நடந்தது என்று எழுதி வைப்பது சின்ன வயதிலிருந்தே பழக்கம். முதல் மழை என்றைக்குப் பெய்தது, அரசலாற்று முகத்துவாரம் எப்போது மணல் மூடியது, துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் எப்போது வந்தது, எல்லாம் இருக்கும். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பிரெஞ்சு எழுத்து வெட்டிய பழைய கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் படியெடுத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து கொள்ளுத்தாத்தா கல்லறை எங்கே என்று கேட்டால், மாதா கோவிலில் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். நானும் கூட்டிக்கொண்டு போய் நேராக அந்தக் கல்லின் முன்னால் நிறுத்துவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அவர்" என்று எழுதியது ஒரு காலத்தில் என் கணவராக இருந்தவரை. முன்னாள் கணவர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "முன்னாள்னா என்ன, நான் என்ன தோத்துப்போன எம்.எல்.ஏ.வா?" என்பார். கோர்ட் எங்களைப் பிரித்தது, கோவில் பிரிக்கவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் போல ஆகியிருந்தோம். ஒருவர் எழுந்தால் ஒருவர் நகர்ந்து வழிவிட்டோம். அப்படியே வழிவிட்டு வழிவிட்டு ஒருநாள் அவர் வெளியே போய்விட்டார்.

அவருக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை. லாரிகளை எடைபோட்டு அனுப்புகிற இடத்தில் மேற்பார்வை. எவ்வளவு தேய்த்தாலும் சட்டைக் காலரில் நிலக்கரி ஒரு மெல்லிய கோடாக நிற்கும். அவர் போனபிறகு என் துவைகல் வெள்ளையாகிவிட்டது. அதை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. ஆனாலும் ஞாபகம் இருக்கிறது.

அவரை நினைத்தால் எனக்கு எப்போதும் ஆனி மாதம்தான் வருகிறது. எங்கள் ஊரில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. சாமி வீதியில் வரும்போது மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் அன்றைக்குக் காரைக்கால்காரர் தெருவில் நிற்பார். வீசிய பழம் மேலே போய், வெயிலில் ஒரு கணம் எதுவும் செய்யாமல் நிற்கும். அப்புறம்தான் இறங்கத் தொடங்கும். அந்த ஒரு கணத்தில் கீழே இருக்கிற ஆயிரம் கைகளும் நீருக்கடியில் இருப்பவை போல மெல்ல உயரும். அவற்றில் இரண்டு அவருடையவை. அந்தப் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று கல்யாணமான புதிதில் எல்லோரும் சொன்னார்கள். பிடித்தோம், சாப்பிட்டோம். பழம் நன்றாக இருந்தது.

அந்தத் திருவிழாதான் அவருக்குப் பிறந்தநாள். சான்றிதழில் ஜூன் ஒன்று என்று இருந்தது. அது பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டது. சாமி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தபோது தன்னைப் பெற்றதாக அவருடைய அம்மா சொன்னாராம். "நான் பொறந்ததுக்கு ஊரே மாம்பழம் வீசுச்சு, தெரியுமா? உனக்கு யாரு என்ன வீசுனா?" என்று வருடம் தவறாமல் கேட்பார்.

பிறந்தநாள் என்றால் அது ஒரு தேதியில் நிற்க வேண்டும், நிலாவோடு சேர்ந்து நகரக் கூடாது என்பது என் கட்சி.

"ஈஸ்டர் மட்டும் நகருதே? வருசா வருசம் பௌர்ணமியப் பாத்துத்தானே வைக்கிறாங்க? ஆண்டவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா, காலண்டரு?"

காலண்டர் என்பது எனக்கு அவர் வைத்த பெயர்.

"ஞானஸ்நானப் பதிவேட்டுல பொறந்த தேதி இருக்கும். ஒரு நாள் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று மிரட்டுவேன்.

"நான் இருக்கிற வரைக்கும் பாக்காத. போனதுக்கப்புறம் வேணா பாத்துக்க. எப்படியும் என் போஸ்டர்ல இவனுங்க ஜூன் ஒண்ணுன்னுதான் அடிப்பானுங்க. நீ ஒரு சாக்பீஸ் எடுத்துட்டு வந்து திருத்திட்டுப் போ."

பிரிந்து சில வருடங்கள் நாங்கள் பேசவில்லை. அப்புறம் ஒரு திருவிழா அன்று சாயங்காலம் வாசல் கேட்டில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவர். உள்ளே வரவில்லை. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ஒரு மாம்பழத்தை நீட்டினார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "தலையிலயே விழுந்துச்சு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அங்கிருந்துதான் எங்கள் நட்பு தொடங்கியது. கல்யாணத்தில் கிடைக்காதது அதில் கிடைத்தது. வாரம் ஒருமுறையாவது கலங்கரை விளக்கத்துப் பக்கம் கடற்கரையில் நடப்போம். தெற்கே துறைமுகத்து விளக்குகள் மஞ்சளாகத் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருக்கும். எந்தக் கப்பல் எங்கிருந்து வந்திருக்கிறது என்று அவர் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். ஊரில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிரிந்தவர்கள் சேர்ந்து நடந்தால் அதற்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது.

போன வருடம் மே மாதம், வேலை செய்கிற இடத்திலேயே, டீ குடித்துக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டாராம். அவருடன் வேலை செய்தவர் எனக்குப் போன் செய்தார். நான் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடலை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அது அவருடைய அண்ணன் வீடு. நாங்கள் பிரிந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னோடு பேசியதில்லை. திட்டியதும் இல்லை. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் பார்வையை அடுத்த கடைக்கு மாற்றிக்கொள்வார்கள், நானும் அப்படியே. மனைவி என்றால் தலைமாட்டில் உட்காரலாம், தோழி என்றால் பெண்களோடு நிற்கலாம். நான் எங்கே நிற்பது? பூசைக்குக் கடைசி பெஞ்சு. அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்குப் பக்கம். நல்ல வெயில். முன்னால் குடைகளும் முதுகுகளும். குழி எனக்குத் தெரியவில்லை, அதன் பக்கத்தில் நின்ற ஒதிய மரம் மட்டும் தெரிந்தது. மண் விழுகிற சத்தத்தை அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

திரும்பி வரும்போது தெருமுனையில் போஸ்டர் ஒட்டியிருந்தது. தோற்றம்: ஜூன் ஒன்று. நான் அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். கைப்பையில் பேனா இருந்தது. திருத்தவில்லை. எந்த உரிமையில் திருத்துவது?

ஆனி மாதம் வந்தது. வழக்கமாக நாங்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். ஒரு பழம் என்னைப் பார்த்து வருவது போல வந்தது. கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் பிடித்து மடியில் கட்டிக்கொண்டாள். புதுத் தாலி போலிருந்தது. அவளுக்குக் கிடைத்ததே நல்லது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கல்லறைத் திருநாள் நெருங்க நெருங்க எனக்கு ஒரே கவலை. அன்றைக்கு எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்கள் எல்லோரும் அவரவர் குடும்பத்துக் கல்லறையைச் சுத்தம் செய்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் வந்து மந்திரிப்பார். ஒவ்வொரு கல்லறையைச் சுற்றியும் அந்தந்தக் குடும்பம் நிற்கும். அவர் கல்லறையைச் சுற்றி நான் எங்கே நிற்பது? ஆனால் அவருக்கு வருகிற முதல் கல்லறைத் திருநாள் இது. ஒரு மெழுகுவர்த்தியாவது நான் வைக்காமல் போனால், அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் என்ன இருக்கிறது என்று தோன்றியது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோரும் பொழுது சாயும்போதுதான் வருவார்கள். நான் முன்னதாகவே போய், வைத்துவிட்டு, யாரும் வருமுன் கிளம்பிவிடுவது.

போனேன். தோட்டம் ஈரமாக இருந்தது. புல் முழங்கால் உயரம். மழையில் எல்லாமே கொஞ்சம் கரைந்து நின்றது, கற்களும் மரங்களும்கூட. ஒதிய மரத்தை நோக்கி நேராக நடந்தேன். அதன் அடியில் ஒரு மண்மேடு, ஒரு மரச்சிலுவை. பெயரை மழை கழுவிவிட்டிருந்தது. எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. எனக்குத்தான் இந்தத் தோட்டத்தில் எல்லாம் தெரியுமே.

புல்லைப் பிடுங்கினேன். மண்ணைத் தட்டிச் சரிசெய்தேன். செவ்வந்தியைச் சுற்றிலும் வைத்து, மெழுகுவர்த்திகளை ஏற்றினேன். ஃப்ளாஸ்கில் டீ கொண்டுபோயிருந்தேன். ஒரு தம்ளர் அவருக்கு, ஒரு தம்ளர் எனக்கு. அப்புறம் பேசத் தொடங்கினேன். முகத்துவாரம் திறந்துவிட்டதைச் சொன்னேன். போஸ்டரைப் பற்றிச் சொன்னேன். மார்பு வலி என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று திட்டினேன். கேட்டின் கம்பிக்கு வெளியே நிற்கவைத்தே பேசி அனுப்பினேனே, ஒருநாள் உள்ளே கூப்பிட்டிருக்கலாம் என்றும் சொன்னேன். அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு நாட்குறிப்பை எடுத்து எழுதினேன். மனசு கழுவி வைத்த பாத்திரம் போல இருந்தது. சுடர்கள் அசையாமல் எரிந்தன.

"ஏங்க, நீங்க யாரு?"

திரும்பினேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். கையில் பூப்பை. பின்னால் அவள் கணவர், கையில் மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியும்.

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். யார் நான்? "வேண்டியவங்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க அக்காவுக்கா? எங்க அக்காவோட வேலை பாத்தீங்களா?"

"எந்த அக்கா?"

"இதோ, இங்க படுத்திருக்கே, அதுதான்."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர்கள் போலகத்துக்காரர்கள். அக்கா டவுனில் ஒரு பள்ளியில் ஆயாவாக இருந்து, கல்யாணம் ஆகாமலே இறந்தவர். வருடா வருடம் தங்கையும் அவள் கணவரும்தான் வருகிறார்கள். இந்த வருடம் வாஞ்சூர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் புல் பிடுங்கி, பூப்போட்டு, விளக்கெரிகிறது.

"நான் வேற ஒருத்தருக்குன்னு நெனச்சு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், இரண்டு தம்ளர்களைப் பார்த்தாள். "ரொம்ப நேரமா பேசிக்கிட்டு இருந்தீங்களோ?"

தலையாட்டினேன்.

"எங்க அக்கா இருக்கையில எதிராளிய ஒரு வார்த்தை பேச விடாதுங்க. இன்னைக்கு நல்லா மாட்டிக்கிச்சு!"

"டீ வேற ஊத்தியிருக்காங்க பாரு" என்றார் கணவர்.

"அக்காவுக்கு டீயே ஆகாது, காப்பிதான். மருந்து மாதிரி குடிச்சிருக்கும்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கும். அவசர அவசரமாகப் பூவை அள்ளப் போனேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வச்ச பூவ எடுக்காதீங்க. எங்க ரெண்டு பேர விட்டா அக்காவுக்கு யாரு வர்றா? இன்னைக்கு ஒரு ஆள் கூட வந்துருக்கு. அது இருக்கட்டும்." பிறகு தன் பூப்பையை அப்படியே என் கையில் வைத்தாள். "உங்க ஆளுக்கு இத வைங்க. நீங்க எங்களுக்கு வச்சீங்க, நாங்க உங்களுக்கு வைக்கிறோம். அவ்ளோதானே? ஆமா, உங்க ஆளு எங்க?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. இந்தத் தோட்டத்தில் நூறு வருடத்துக்கு முன் அடங்கியவர்களின் கல்லெல்லாம் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் போன அவர் எங்கே என்று தெரியவில்லை. மூவரும் தேடத் தொடங்கினோம். கணவர் செல்போன் வெளிச்சத்தைச் சிலுவை சிலுவையாகக் காட்டிக்கொண்டு போனார். அவள் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தாள். அதற்குள் பொழுது சாய்ந்து, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுடர்கள் முளைத்தன. ஈரப் புல்லின் மேல் வெளிச்சம் மிதந்தது.

"இவங்க ஆளக் காணோமாம்! கொஞ்சம் பாருங்களேன்!" என்று போலகத்துப் பெண் பொதுவாகக் குரல் கொடுத்தாள்.

குனிந்திருந்த சில பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அவருடைய அண்ணி. பக்கத்தில் அண்ணன். எது நடக்கக் கூடாது என்று முன்னதாக வந்தேனோ அது நடந்துவிட்டது. அடுத்தவர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, அழுத முகத்தோடு நிற்கிறேன். பார்வையை மாற்றிக்கொள்ள அங்கே கடையும் இல்லை.

அண்ணி என்னையே பார்த்தார். பிறகு, நேற்றுத்தான் பேசி விட்ட மாதிரி, "அங்க என்ன தேடுற? உன் ஆளு இங்கதானே இருக்கான்" என்றார்.

ஒதிய மரத்துக்கு இரண்டு வரிசை தள்ளி. போகும்போது அந்த வழியாகத்தான் போயிருக்கிறேன். மரச்சிலுவையை எடுத்துவிட்டுப் புதிதாகச் சிமெண்டில் கட்டியிருந்தார்கள். நான் பழசைத் தேடியதால் புதிது என் கண்ணில் படவே இல்லை.

கிட்டப் போனேன். சிலுவையில் அவர் பெயர். மறைவு என்று போட்டுத் தேதி. அதன் மேலே தோற்றம் என்று போட்டு, பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெறும் சிமெண்ட்.

"அத மட்டும் எழுத வேணாம்னு விட்டுட்டோம்" என்றார் அண்ணி. "போஸ்டர்ல ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டு மனசே சரியில்ல. அது இல்லன்னு அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானே. இதுலயும் அதையே போட்டா நல்லாவா இருக்கும்? உனக்குத்தான் தெரியும்னு இவங்ககிட்ட சொன்னேன். எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல."

எப்படிக் கேட்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எங்கே நிற்பது என்று எனக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் இரண்டு பக்கமும் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறோம்.

"எங்கிட்டயா கேக்குறீங்க? இப்பத்தான் ஆளையே மாத்தி அழுதுட்டு வர்றேன்" என்றேன்.

"எங்க அக்காவுக்குத் திருப்திதான்" என்றாள் போலகத்துப் பெண் பின்னாலிருந்து.

நான் அண்ணனைப் பார்த்துக் கேட்டேன். அவர் மூத்தவர், அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் யோசித்துச் சொன்னார்: "அன்னைக்கு என்னையப் பக்கத்து வீட்டுல விட்டுட்டாங்க. மாம்பழம் தின்ன ஞாபகம் இருக்கு. அது அன்னைக்கா, வேற வருசமான்னு சொல்ல முடியலயே."

எந்த வருடத்துக்கு எந்தத் தேதியில் ஆனிப் பௌர்ணமி என்று பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து என்றைக்கோ குறித்து வைத்திருந்தேன். அவர் பிறந்த வருடத்துத் தேதி வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"ஆனிப் பௌர்ணமின்னு எழுதுங்க. தேதி வேணாம்" என்றேன்.

அண்ணி தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். போலகத்துப் பெண்ணின் பூப்பையில் இருந்த மெழுகுவர்த்தியை நான் ஏற்ற, காற்றுக்கு மறைவாக அண்ணி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். சுடர் முதலில் தயங்கி, பிறகு மேலே எழுந்து, ஒரு கணம் எதுவும் செய்யாமல் நின்றது. மாம்பழத்துக்காக உயர்ந்த அவருடைய கைகள் ஞாபகம் வந்தன. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது நான் அந்தக் குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எப்போது வந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. நேரம் குறிக்கவும் இல்லை.

அடுத்த வாரமே எழுத்துக்காரர் வந்து எழுதிவிட்டார். இந்த வருடம் இரண்டு கல்லறைகளுக்குப் பூ வாங்க வேண்டும். ஒதிய மரத்தடிக்கு ஃப்ளாஸ்கில் காப்பியும்.

ஞானஸ்நானப் பதிவேடு கோவில் அலுவலகத்தில்தான் இருக்கிறது. என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். போனதுக்கப்புறம் பார்த்துக்கொள் என்று அவரே அனுமதியும் கொடுத்திருக்கிறார். நான் இன்னும் போகவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாம் உறுதி என்று நினைத்திருந்த காலத்தில் நான் கேட்டருகே தனியாக நின்றேன். தெரியாது என்று ஒத்துக்கொண்ட அந்தச் சாயங்காலத்தில்தான் எனக்கு நிற்க ஒரு இடம் கிடைத்தது. ஆகவே என் குறிப்பில் அவருக்கான பக்கத்தில் இப்போது இப்படித்தான் இருக்கிறது: பிறப்பு, ஆனிப் பௌர்ணமி, ஊர் முழுக்க மாம்பழம் வீசிக்கொண்டிருந்த நேரம்; ஆதாரம், அவர் சொன்னது; சரிபார்க்கப்படவில்லை.